ஏழு வருடமாக பிசியோதெரபி: எங்கள் வீட்டு அனுபவம்

எனக்குத் தோள்பட்டை, அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை, அப்பாவுக்குப் பக்கவாதம். இந்த மூன்றுக்காகவும் ஏழு வருடமாக யாராவது ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய்க்கொண்டோ, அவரை வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டோ இருக்கிறோம். பிசியோ பலன் தருமா என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்குக் கேட்பது இதுதான்: வீட்டில் செய்ய என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? அங்கே இருக்கும் நேரம் முக்கால் மணி. மிச்ச நாள் முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

இது எனக்குப் புரிந்தது தோள்பட்டை விஷயத்தில். சர்க்கரை வந்து நாலாவது வருடம். முதலில் இடது கையை முதுகுப் பக்கம் கொண்டுபோக முடியவில்லை. அப்புறம் ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. மூன்றே மாதத்தில் கை தலைக்கு எட்டாமல் போய்விட்டது. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார்கள். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், விடுவதற்கும் நாளாகும்.

முதலில் போன இடத்தில் பதினைந்து சிட்டிங் எழுதிக்கொடுத்தார்கள். போனதும் படுக்கவைத்து கரண்ட் வைப்பார்கள், அப்புறம் அல்ட்ராசவுண்ட், கடைசியில் ஒத்தடம். வெளியே வரும்போது வலி நிஜமாகவே குறைந்திருக்கும். இரண்டு மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். பதினைந்தும் முடிந்த அன்று கை முதல் நாள் போன அதே உயரம்தான் போனது. கரண்ட் வைப்பதே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். தோல் வழியாகச் செலுத்தும் மெல்லிய மின்துடிப்பு, வலிச் செய்தி தண்டுவடத்தைத் தாண்டி மூளைக்குப் போவதைத் தணிக்கும் என்பதுதான் அதன் பின்னாலிருக்கும் விளக்கம். மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் முன்வைத்த 'வலிக்கதவு' கோட்பாட்டிலிருந்து வந்தது அது. ஆனால் சுருங்கிப்போன உறையை அந்தத் துடிப்பு நீட்டாது. வலி தணிந்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் கையை எப்படி அசைப்பது என்று யாராவது கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த பிசியோ முதல் நாள் எந்த மெஷினையும் தொடவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். மூட்டு திரும்பும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை வைத்து அளந்தார். வலது 70 டிகிரி, இடது 15. "கை எவ்வளவு உயரம் போகுதுன்னுதான் எல்லாரும் பார்ப்பாங்க. உங்களுக்கு முதல்ல இந்தத் திருப்பம் வரணும்" என்று சொல்லி, அந்த எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுத வைத்தார். அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

வீட்டுக்கு மூன்றே பயிற்சிதான் கொடுத்தார். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டுவது, மல்லாந்து படுத்து ஒரு குச்சியை இரண்டு கையாலும் பிடித்து வலது கையால் இடது கையை வெளிப்பக்கம் தள்ளுவது, சுவரில் விரலால் ஏறுவது. ஒரேயடியாக ஒரு மணி நேரம் செய்யாமல் ஐந்து ஐந்து நிமிடமாக நாளைக்கு நாலு தடவை. வலிக்கென்றும் ஒரு கணக்கு சொன்னார்: பயிற்சியின்போது பத்துக்கு நாலு வரை வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும், இறங்காவிட்டால் நேற்றுச் செய்தது அதிகம். ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை இதுதான். அதுவரை வலித்தால் பயந்து நிறுத்துவேன், இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு அளவுக்கு மீறிச் செய்துவிட்டு மூன்று நாள் கையைத் தூக்காமல் இருப்பேன்.

அந்தத் திருப்பம் ஆறு வாரத்தில் 25 டிகிரி, ஐந்தாவது மாதம் 45, பதினாலாவது மாதம் 60. ஃப்ரோசன் ஷோல்டர் பலருக்கு ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் மெதுவாகத் தானே தளரவும் செய்யும். அதனால் இவ்வளவும் பயிற்சியால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டாவது மாதமே ராத்திரி தூக்கம் திரும்பியதற்கு அந்த பிசியோதான் காரணம் என்று நம்புகிறேன்.

அம்மாவின் மூட்டு மாற்று அறுவை அவ்வளவு இழுக்கவில்லை. அங்கே நாங்கள் செய்த தப்பு ஒன்று உண்டு. வலிக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தோம். அம்மாவுக்கும் சுகமாக இருந்தது. மறுநாள் வந்த பிசியோ அதை உருவி எடுத்துக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். மடங்கிய வாக்கில் கிடந்தால் முழங்கால் அப்படியே இறுகிவிடும், பிறகு நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் தாங்கித் தாங்கித்தான் நடக்க வேண்டியிருக்கும். எல்லோரும் எவ்வளவு மடங்குகிறது என்றே கேட்கிறார்கள், முழுசாக நிமிர்கிறதா என்பதும் அதே அளவு முக்கியம். இரண்டாவது வாரம் கெண்டைக்கால் லேசாக வீங்கியிருந்தது. அவர் தொட்டுப் பார்த்துவிட்டு அன்றைய பயிற்சியை நிறுத்தி, ரத்தக்கட்டி இருக்கிறதா என்று உடனே மருத்துவரிடம் பார்க்கச் சொன்னார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. இருந்தாலும் எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் என்ற நம்பிக்கை அன்றைக்கு வந்தது.

அப்பாவுடையதுதான் நீண்ட கதை. ஐந்து வருடத்துக்கு முன்னால் பக்கவாதம், இடது பக்கம். மருத்துவமனையில் இருந்தபோது உட்காரவைக்க நாங்கள் அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கினோம். பிசியோ ஓடிவந்து தடுத்தார். தோள்மூட்டைப் பிடித்துவைத்திருப்பது சுற்றியிருக்கும் தசைகள்தான். அவை செயலிழந்து கிடக்கும்போது கையைப் பிடித்து இழுத்தால் எலும்பு குழியிலிருந்து நழுவும், மாதக்கணக்கில் தோள் வலிக்கும். இழுக்காமல், முதுகுக்குப் பின்னால் கைகொடுத்து உருட்டி எழுப்பவும், உட்கார்ந்திருக்கும்போது கையைத் தலையணை மேல் வைக்கவும் கற்றுக்கொடுத்தார். வீட்டில் பக்கவாத நோயாளி இருப்பவர்கள் முதலில் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருவர் வந்துபோய்க்கொண்டிருந்தார். அப்பாவைப் படுக்கவைத்து, ஒரு கையில் போனைப் பார்த்தபடி இன்னொரு கையால் அவர் கையை இருபது தடவை தூக்கி இறக்கிவிட்டுப் போவார். மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும். ஆனால் அந்த நேரத்தில் அப்பா எதையும் முயற்சி செய்யவில்லை. இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டோம்.

அடுத்து வந்தவர் ஏழாவது மாதம் அப்பாவின் வலது கையில் ஒரு தடித்த கையுறையை மாட்டிவிட்டார். நல்ல கையே எல்லாவற்றையும் செய்துவிட்டால், வலுவிழந்த கையைப் பயன்படுத்தவே மூளை மறந்துவிடுகிறது. எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் குரங்குகளிடம் இதைக் கண்டறிந்து, அதிலிருந்து இந்தச் சிகிச்சை முறையை உருவாக்கினார். எல்லோருக்கும் இது பொருந்தாது. மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது மேலே எழும்ப வேண்டும். அப்பாவுக்கு எழும்பியது.

தினமும் இரண்டு மணி நேரம். முதல் வாரம் மேஜையில் பத்து துணிக் கிளிப்பைப் பரப்பிவைத்து, இடது கையால் எடுத்து டப்பாவில் போடச் சொன்னோம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிளிப்பை நெருங்கும், தோள் காது வரை தூக்கிக்கொள்ளும், விரல் இறுகும், கிளிப் தெறித்து ஓடும். ஒரு கிளிப்புக்கு நாலு நிமிடம். நான் எடுத்துக் கொடுக்கப்போனால் பிசியோ கண்ணாலேயே தடுப்பார். முப்பது தடவை அசைத்தால் மூளைக்குப் போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும் என்பார். சில நாள் அப்பா அழுதுவிடுவார். அன்றைக்கு அதோடு விட்டுவிடுவோம். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு நோயின் ஒரு பகுதி, அதற்கும் சிகிச்சை உண்டு என்று எங்களுக்கு யாரும் முதலிலேயே சொல்லவில்லை. இந்தத் துறையில் எனக்கிருக்கும் பெரிய குறை அது.

இன்னொரு குறை, பிசியோ மாறும்போதெல்லாம் பழைய குறிப்பு எதுவும் கைக்கு வருவதில்லை. அந்த நோட்டு இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலிருந்து தொடங்கியிருப்போம்.

"ஆறு மாசத்துக்கு மேல ஒண்ணும் வராது" என்று தெரிந்தவர்கள் பலர் சொன்னார்கள். முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது சரி. அதற்கப்புறம் நின்றுவிடும் என்பது சரியில்லை. பத்து மீட்டர் நடக்க அப்பாவுக்கு முதலில் 38 விநாடி ஆனது. ஒரு வருடத்தில் 24. போன மாதம் 16. இடது கை விரல்கள் இன்னும் முழுசாக விரிவதில்லை. சட்டைப் பொத்தானைப் போடும்போது இடது கை துணியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வலது கை பொத்தானைத் துளைக்குள் நுழைக்கும். கழுத்துப் பொத்தான் மட்டும் அகப்படவில்லை. இப்போது நோட்டில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.