இலவச விண்ணப்பத்துக்கு 1,500 டாலர் கொடுத்த கதை

வட கரோலினாவில் சிறிய அளவில் பீர் காய்ச்சி விற்கலாம் என்ற எண்ணத்தில் இருக்கும் தமிழர்கள், சங்க விழாக்களில் "மதுத் தொழில் உரிம ஆலோசகர்" என்று அட்டை நீட்டும் ஒருவரிடம் போய் உட்காருமுன் இதைப் படித்துவிடுங்கள். பெயரைப் போட வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். ஆள் வேலை செய்யும் விதத்தை எழுதுகிறேன், பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள்.

ஏழெட்டு ஆண்டுகளாக வீட்டு கராஜில் காய்ச்சிக்கொண்டிருந்தவன் நான். 1978இல் வந்த சட்டப்படி, வயது வந்தவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட என் கோதுமை பீருக்கு நண்பர்களிடம் நல்ல பேர். மைத்துனர் பாதி முதல் போடுகிறேன் என்றார். ஊரில் அம்மாவிடம் "உணவகம்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம், அது தனிக்கதை.

பொங்கல் விழாவில் அறிமுகமானவர் இந்த ஆலோசகர். "தம்பி, நீங்கள் காய்ச்சுவதைப் பாருங்கள், காகிதத்தை என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றார். மதுரைப் பக்கத்துக்காரர், பேச்சில் தேன் ஒழுகும். முதல் பில்லில் மூன்று வரிகள் இருந்தன: மத்திய அரசு விண்ணப்பக் கட்டணம் 1,500 டாலர், வரி கட்டுவோம் என்பதற்கு உத்தரவாதமான பிணைப் பத்திரம் 1,200, கொத்தமல்லி பீருக்குச் செய்முறை அனுமதி 900. மூன்றுக்கும் அன்றே காசோலை எழுதிக் கொடுத்தேன்.

இப்போது அந்த மூன்று வரிகளையும் பாருங்கள். பீர் ஆலைக்கான மத்திய அனுமதியைத் தருவது கருவூலத் துறையின் கீழுள்ள மது, புகையிலை வரி வணிகப் பிரிவு. எல்லோரும் டிடிபி என்பார்கள். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. ஒரு சென்ட்கூட இல்லை. மாநில அனுமதிக்குத்தான் கட்டணம் உண்டு, அதையும் நான் தனியாகத்தான் கட்டினேன். பிணைப் பத்திரமோ, ஆண்டு வரி 50,000 டாலருக்குள் அடங்கும் ஆலைகளுக்கு 2017 முதல் தேவையில்லை. சிறிய ஆலைக்கு மத்திய வரி பீப்பாய்க்கு மூன்றரை டாலர். பீப்பாய் என்பது 31 காலன். நாங்கள் திட்டமிட்டதே ஆண்டுக்கு 500 பீப்பாய். ஆக, மொத்த வரி 1,750 டாலர். ஐம்பதாயிரம் எங்கே, இது எங்கே! செய்முறை அனுமதி விஷயத்தில், கொத்தமல்லி, ஆரஞ்சுத் தோல், தேன் போன்ற பொருள்களுக்கு அது வேண்டியதில்லை என்று டிடிபி 2014லேயே ஆணை வெளியிட்டிருக்கிறது. எல்லாமே அவர்களுடைய தளத்தில் கிடக்கிறது. படிக்காதது என் சோம்பல்.

பணத்தைவிட வலித்தது வாடகை. ஆலைக்கு இடம் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். குத்தகை, வரைபடம், முதலீடு எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். "ஒரே மாதம், கையெழுத்துப் போடுங்கள்" என்றார். போட்டோம். மாதம் 4,200 டாலர். இரண்டாம் மாத முடிவில் விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. வரைபடத்தை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். எங்கள் கட்டடத்தில் இல்லாத ஒரு பின்கதவு அதில் இருந்தது. நொதிகலன்கள் ஆறு வரையப்பட்டிருந்தன. நாங்கள் வாங்கியது மூன்று. வேறு யாருக்கோ போட்ட படத்தை எடுத்து முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறார். அனுமதி வருவதற்குள் ஐந்து மாத வாடகை போயிற்று. அதுவரை விற்பனைக்கென்று ஒரு குடம்கூடக் காய்ச்ச முடியாது. காலிக் கலன்களைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இவ்வளவோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் ஒரு விநியோகஸ்தரை அழைத்துவந்து ஒப்பந்தத்தை நீட்டினார். வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுகிறேன் என்றதற்கு, "இதற்கெல்லாம் வக்கீலா? வெறும் சம்பிரதாயம் தம்பி" என்றார். நானும் கையெழுத்திட்டுவிட்டேன்.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் நீங்கியபின் காய்ச்சுபவர், விநியோகிப்பவர், கடைக்காரர் என்று மூன்று அடுக்காகத் தொழிலைப் பிரித்துவைத்தார்கள். பல மாநிலங்களில் விநியோகஸ்தரைக் காக்கத் தனிச் சட்டமே இருக்கிறது. ஒரு முறை பிராண்டைக் கொடுத்துவிட்டால், சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணத்தைக் காட்டாமல் திரும்பப் பெறப் பொதுவாக முடியாது. இந்த மாநிலத்தில் சிறிய ஆலை காரணமின்றித் திரும்பப் பெறலாம், ஆனால் அந்த உரிமையின் சந்தை மதிப்பை விநியோகஸ்தருக்குக் கொடுக்க வேண்டும். விற்பனை மந்தம் என்று நாமாக முடிவுகட்டிச் சும்மா விலகிவிட இயலாது. "திருமணத்தை ரத்து செய்வதுகூட இதைவிடச் சுலபம்" என்றார், பிறகு நான் போய்ப் பார்த்த வழக்கறிஞர். அடுத்து அவர் சொன்னதில்தான் எனக்குத் தலை சுற்றியது: இந்த மாநிலத்தில் ஆண்டுக்கு 25,000 பீப்பாய்க்குக் குறைவாகக் காய்ச்சுபவர் தானே கடைகளுக்குக் கொண்டுபோய் விற்கலாம். 500 பீப்பாய்க்காரனான எனக்கு விநியோகஸ்தரே தேவைப்படவில்லை.

சென்ற மாதம் ஒரு மளிகைக் கடையில் எங்கள் ஐபிஏ (ஹாப்ஸ் மணம் தூக்கலான பீர் வகை) கேன் ஒன்றைப் பார்த்தேன். குளிர்பெட்டியில் இல்லை, ஜன்னலோரம் வெயிலில். அடியில் அச்சிட்டிருந்த நிரப்பிய தேதிக்குப் பிறகு ஐந்து மாதம் ஆகியிருந்தது. வாங்கி வந்து திறந்தேன். பீருக்கு மணமும் கசப்பும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசம் துளிகூட இல்லை. நனைந்த அட்டைப்பெட்டியைப் போல ஒரு நெடி. கேனில் எங்கள் பெயர்தானே இருக்கிறது, குடித்தவர் யாரைத் திட்டுவார்?

ஆலோசகரிடம் பணத்தைக் கேட்டேன். "அது என் சேவைக் கட்டணம்" என்கிறார். பில்லில் "மத்திய அரசுக் கட்டணம்" என்றுதான் அச்சாகியிருக்கிறது. அரசுக்குக் கட்டிய ரசீதைக் காட்டச் சொன்னதிலிருந்து தொலைபேசியை எடுப்பதில்லை. மாநில நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன்.

ஆலையோடு சேர்ந்த எங்கள் டேப்ரூமில், அதாவது குடிக்கும் கூடத்தில், நேரடியாக விற்பது நன்றாகவே போகிறது, அதனால் கடை ஓடுகிறது. இந்தத் தொழிலில் இறங்கப் போகிறவர்கள் கேட்டால், முகவரிகளை மறைத்துவிட்டு அந்தப் பில்லையும் பின்கதவு வரைபடத்தையும் அனுப்புகிறேன். உங்களுக்கு வந்திருக்கும் பில்லோடு வைத்துப் பாருங்கள்.