தையல் கடைக்கு மேலே ஒரு டி.டி.பி. கடை

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு நிமிடம் நடந்தால் ஒரு தையல் கடை வரும். அதன் பக்கவாட்டில் இருட்டான மாடிப்படி. பலகையில் பெயர் இருந்த இடம் வெயிலில் வெளுத்துப்போய், ‘ஜெராக்ஸ், டி.டி.பி., பைண்டிங்’ என்பது மட்டும் மிச்சம் நிற்கிறது. அண்ணாச்சி கடை என்று கேட்டால் போதும் என்றுதான் எனக்கும் சொன்னார்கள். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் கடை வைத்திருப்பவர் எல்லாருமே அண்ணாச்சிதான். அதனால் ‘தையல் கடைக்கு மேலே’ என்று சேர்த்துக் கேளுங்கள்.

என் பி.எச்டி. ஆய்வேட்டை இங்கேதான் அடித்து, கட்டி, சமர்ப்பித்தேன். நான் பள்ளி ஆசிரியை. நாற்பது வயதைத் தாண்டிப் பகுதிநேர ஆய்வில் சேர்ந்தவள். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானப் பருவ நெல் சாகுபடி பற்றிய ஆய்வு. பாபநாசம் அணை நீர்மட்டம், மழை அளவு, சாகுபடிப் பரப்பு என்று பக்கத்துக்குப் பக்கம் வரைபடமாகத்தான் இருக்கும். மொத்தம் 41 படங்கள்.

முதலில் வேறொரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். சீக்கிரம் முடித்தார்கள், மலிவாகவும் முடித்தார்கள். நான் ஒட்டிக் கொடுத்திருந்த படங்களை அப்படியே வாங்கிப் போட்டு, எல்லாவற்றுக்கும் கீழே ‘ஆதாரம்: இணையம்’ என்று ஒரே வரியை ஒட்டிவிட்டார்கள். ஒரு படத்தில் யாருடைய இணையதள முத்திரையோ பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. நெறியாளர் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு ‘இணையம்’ மீதும் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன், 29 வட்டம்.

அந்தக் கட்டோடுதான் இந்த மாடிப்படி ஏறினேன். அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

“டீச்சர், இந்தப் படம் ஆருது?”

“கூகுள்ல எடுத்தேன் அண்ணாச்சி.”

“கூகுளுக்குப் படம் வரையத் தெரியுமா? அது கொண்டாந்து காட்டுன பயதான. பெட்டிக்கடையில வாழைப்பழம் வாங்கிட்டு, பெட்டிக்கடையில வெளஞ்சதுன்னா சொல்லுவிய?”

அதற்குப் பதில் இல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அடுத்த ஒன்றரை மாதத்தில் சனிக்கிழமைகள் எல்லாம் அந்த ஸ்டூலில்தான் போயின.

இந்தக் கடையின் விசேஷம் தட்டச்சு வேகம் இல்லை. வேகம் சுமார்தான். படத்துக்குக் கீழே வரும் அந்த ஒரு வரியை இவர்கள் தனி வேலையாக மதிக்கிறார்கள். படத்தைக் கொடுத்ததும் அண்ணாச்சி கேட்கும் முதல் கேள்வி: “படம் அவங்களுதா, நம்பர் அவங்களுதா?” இதற்குப் பதில் சொல்லாமல் அவர் விசைப்பலகையில் கை வைக்க மாட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. படத்தை இருந்தபடியே எடுத்திருந்தால் என்ன வரி, கொஞ்சம் மாற்றி வரைந்திருந்தால் என்ன வரி, பிறருடைய எண்ணை வைத்து நாமே வரைந்தால் என்ன வரி, எண்ணும் நம்முடையதே என்றால் என்ன வரி என்று பல வருஷமாக நெறியாளர்களிடம் வாங்கிய திட்டெல்லாம் அதில் மாதிரி வரிகளாக இருக்கிறது.

ஒரு படத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்தப் பிசானம் என்ன ஆனது என்று எழுதும் இடத்தில் ஒரு செய்தித்தளத்தின் பட்டை வரைபடத்தை வெட்டி வைத்திருந்தேன். நீலப் பட்டைகள், பின்னணியில் மழைத்துளி எல்லாம் போட்டுப் பார்க்க அழகாக இருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் வானிலை ஆய்வு மையம் என்று அவர்களே ஆதாரம் சொல்லியிருந்தார்கள்.

“எண்ணு வானிலைக்காரங்களுது, பட்டை பத்திரிகைக்காரங்களுது. ஒங்களுக்கு எது வேணும்?” என்றார்.

யோசித்தால் எனக்கு வேண்டியது எண் மட்டும்தான். மழைத்துளியை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? “அப்பம் எண்ணு எங்க இருக்கோ அங்க போங்க” என்று கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வானிலைத் துறையின் அறிக்கையைத் தேடி எடுத்து, எக்செலில் நானே பட்டை வரைந்து கொண்டுபோனேன். ‘தரவு: இந்திய வானிலை ஆய்வுத் துறை. வரைபடம்: ஆய்வாளர்’ என்று எழுதி, அறிக்கையின் பெயரையும் தேதியையும் சேர்த்தோம். முடிந்தது என்று எழுந்தால், தலைப்பில் கை வைத்தார். நான் ‘டிசம்பர் 18 அன்று பெய்த மழை’ என்று போட்டிருந்தேன். மழை நாள் என்று அவர்கள் கணக்கெடுப்பது முந்தைய நாள் காலை 8.30 தொடங்கி அன்று காலை 8.30 வரை. அந்தக் கணக்கு அறிக்கையிலேயே இருந்தது, நான்தான் தாண்டிப் போயிருந்தேன். தலைப்பை ‘2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் பதிவான மழை (செ.மீ.)’ என்று மாற்றினோம். அந்த ‘செ.மீ.’யும் அவர் கேட்டு வாங்கியதுதான். என் பட்டைகளில் எண் இருந்தது, அலகு இல்லை. 95 மில்லிமீட்டர் என்று யாராவது படித்தால் சாதாரண ஐப்பசி மழைதானே என்று போய்விடுவார்கள்.

அண்ணாச்சிக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல வரவில்லை. உலக நெல் விளைச்சல் பற்றி முதல் இயலில் ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ தளத்தின் கோட்டு வரைபடம் ஒன்றை வைத்திருந்தேன். அந்தத் தளம் தன் படங்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தருகிறது. பெயர் சொல்லி யாரும் எடுத்தாளலாம். ஆனால் மாற்றம் செய்தால் செய்தேன் என்று சொல்ல வேண்டும். நான் அச்சுகளின் பெயர்களைத் தமிழில் மாற்றியிருந்தேன். அதுவும் மாற்றம்தான். அதோடு, படம் அந்தத் தளத்துடையது என்றாலும் எண்கள் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பினுடையவை. ஆக இரண்டு பெயர், ஓர் உரிமம், ஒரு ‘தழுவியது’, பார்த்த தேதி. அந்தத் தளத்தில் எண்களைப் புதுப்பிக்கும்போது கோடும் நகர்ந்துவிடும் என்பதால் தேதி முக்கியம். இதை நான் சொல்ல, அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அன்றைக்கு டீ அவர் கணக்கு.

நம் பக்கத்து ஆய்வேடு எதைத் திறந்தாலும் ஒவ்வோர் அட்டவணைக்கும் கீழே ‘ஆதாரம்: முதன்மைத் தரவு’ என்று இருக்கும். விபூதி மாதிரி எல்லா நெற்றியிலும் ஒரே பட்டை. நானும் பூசியிருந்தேன். “எந்த வருசம், எத்தன பேரு?” என்று கேட்டு, ‘ஆய்வாளரின் களஆய்வு’ என்று எழுதி ஆண்டையும் விவசாயிகளின் எண்ணிக்கையையும் சேர்க்க வைத்தார். இது எனக்கு முதலில் வெட்டி வேலையாகத்தான் பட்டது. அப்புறம் யோசித்தால், நான் இரண்டு தடவை களத்துக்குப் போயிருக்கிறேன், இரண்டும் வேறு வேறு ஆட்கள். எந்தப் படம் எந்தத் தடவை என்று ஓரிடத்தில் எனக்கே குழம்பியது.

தலைப்பு மேலேயா கீழேயா என்பது இன்னொரு பஞ்சாயத்து. ஆய்வேட்டுக்கு எங்கள் கையேடு சொன்னபடி படத்தின் தலைப்பு கீழே. அதே படத்தோடு ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். அவர்கள் கேட்டது ஏ.பி.ஏ. முறை, அதாவது அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த மேற்கோள் விதிகள். அதில் 2019-இல் வந்த ஏழாம் பதிப்பின்படி பட எண்ணும் தலைப்பும் மேலே போக வேண்டும், ஆதாரம் கீழே ‘குறிப்பு’ என்று தொடங்க வேண்டும். ஆறாம் பதிப்பில் தலைப்பு கீழேதான் இருந்தது. பழைய வழிகாட்டியைப் பார்த்து அடிக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். அண்ணாச்சி மாட்டவில்லை, ஏற்கெனவே ஒருமுறை மாட்டியவர். தமிழ்த்துறை, ஆங்கிலத்துறைப் பிள்ளைகள் எம்.எல்.ஏ. முறை கேட்டு வருவார்கள் (சட்டமன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தின் விதிகள்). அதில் படத்துக்குத் தலைப்பு கீழே, அட்டவணைக்கு மேலே. ஏ.பி.ஏ. கேட்கிறபடி தலைப்பைச் சாய்வெழுத்தில் போட்டுப் பார்த்தோம். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் ‘ழ’ படியில் இருந்து உருளப் போவது மாதிரி இருக்கிறது. நேராகவே விட்டோம், இதழும் ஒன்றும் சொல்லவில்லை.

வாசிக்கிறவர்களில் சிலர் நினைப்பது தெரிகிறது: எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் படத்தைப் பார்க்காதே, பிறகு எதற்கு இத்தனை பாடு? யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. எழுத்தை ஒப்பிடும் மென்பொருள் படமாக ஒட்டியதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் என்பதும் உண்மை. இதை நானே அண்ணாச்சியிடம் கேட்டேன். “மெசினு பாக்காது டீச்சர். வைவாக்கு வாரவரு பாப்பாரு” என்றார். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாய்மொழித் தேர்வில் 41 படங்களில் ஒன்றைப் பற்றிக்கூடக் கேள்வி வரவில்லை. வந்தவர் அரை மணி நேரம் பழைய நெல் ரகங்களைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

குறைகள் இருக்கின்றன. பெரிய குறை, பட எண்களை இவர்கள் கையால் அடிக்கிறார்கள். நான்காம் இயலில் கடைசி நேரத்தில் ஒரு படத்தைச் சேர்த்தேன். படம் 4.3 என்று இருந்தது 4.4 ஆனது, பின்னால் வந்தவை எல்லாம் நகர்ந்தன. ‘படம் 4.6-இல் காண்க’ என்று உள்ளே எழுதியிருந்த இடங்கள், முன்பக்கத்துப் படப் பட்டியல் எல்லாம் பிசகிவிட்டன. இரண்டு நாள் போயிற்று. வேர்டிலேயே தலைப்பு சேர்க்கும் வசதி இருக்கிறது. அதில் எண் தானாக வரும், உள்ளே குறிப்பிடும் இடங்களையும் அதோடு இணைத்துவிட்டால் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து எஃப்9 தட்டியதும் எல்லாம் சேர்ந்து திருந்திவிடும். இதைச் செய்து காட்டினேன். கடையில் இருக்கும் பையன் பிடித்துக்கொண்டான், அண்ணாச்சி பிடிக்கவில்லை. அதனால் கோப்பைக் கொடுக்கும்போது பையனிடம் கொடுங்கள். ‘கீழே உள்ள படத்தில்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அடிக்கிற அடியில் படம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும், கீழே வெற்றிடம்தான் இருக்கும்.

இன்னொன்று, வண்ணமா கறுப்பு வெள்ளையா என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். காருக்குப் பச்சை, பிசானத்துக்கு ஆரஞ்சு என்று நான் போட்டிருந்த வட்டப்படம் மாதிரிப் படியில் ஒரே சாம்பல் தட்டாக வந்தது. குறிப்பில் ‘பச்சை நிறம் கார்’ என்று வேறு எழுதியிருந்தேன். கோடும் புள்ளியுமாக மாற்றிக் கொடுத்தார்கள், அதற்குத் தனிக் காசு.

காசு என்றால்: தமிழ்ப் பக்கம் ஒன்று தட்டச்சு செய்ய எனக்கு 40 ரூபாய் ஆயிற்று. வரைபடம் புதிதாக வரைந்தால் 60. ஆதார வரியைச் சரிபார்ப்பதற்குப் படத்துக்கு 5 ரூபாய் என்று பில்லில் தனியாகவே போட்டிருந்தார்கள். 41 படத்துக்கு 205 ரூபாய். இந்த ஐந்து ரூபாயைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆட்களை நானே அந்த ஸ்டூலில் இருந்து பார்த்தேன். என் கணக்கில் அந்தக் கடையிலேயே குறைந்த விலைக்கு அதிக வேலை நடப்பது இதில்தான். ரெக்சின் அட்டை, தங்க எழுத்து பைண்டிங் படிக்கு 350. பைண்டிங் உறுதி. ஆனால் முதுகில் என் பெயரின் முதலெழுத்தை ஒரு படியில் மாற்றி அடித்துவிட்டார்கள். காசு வாங்காமல் திருத்தித் தந்தார்கள்.

ஞாயிறு கடை கிடையாது. மாலை ஆறு மணிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டோடு படியில் வரிசை கட்டி நிற்பார்கள், அப்போது போகாதீர்கள். வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினால் எடுக்க மாட்டார். பென் டிரைவும், ஒவ்வொரு படமும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்தத் தேதியில் பார்த்தது என்று எழுதிய தாளும் கையில் வேண்டும். தாள் இல்லாமல் போனால் ஸ்டூல் கிடைக்கும், டீ கிடைக்கும், வேலை மட்டும் அடுத்த சனிக்கிழமைதான்.