கேம் உரிமம்: மொத்தப் பணமா, விற்பனையில் பங்கா?

படத்தையோ நாவலையோ வைத்து வீடியோ கேம் எடுப்பவர்களுக்கு முதல் பேரமே இதுதான். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடிப்பதா, விற்க விற்கப் பங்கு கொடுப்பதா? என்னைக் கேட்டால் தொகையைவிட ஒப்பந்தத்தில் இருக்கும் தேதிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1982ல் 'இ.டி.' படத்தின் உரிமத்துக்காக அமெரிக்க கேம் கம்பெனி அட்டாரி கொடுத்தது 2 கோடி டாலருக்கு மேல் என்கிறார்கள். பேரம் படிந்தபோது ஜூலை கடைசி, சரக்கோ கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருந்தாக வேண்டும். அதனால் கேமை உருவாக்கிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது வெறும் ஐந்து வாரம். அந்த அவசரம் ஆட்டத்திலேயே தெரியும்: படத்தின் வேற்றுக்கிரகவாசியான இ.டி. குழியில் விழும், கழுத்தை நீட்டி மேலே மிதந்து வரும், கொஞ்சம் அசந்தால் திரும்ப அதே குழிக்குள் போய்விடும். விற்காத கார்ட்ரிட்ஜுகளை (கேம் பதிந்த பெட்டிகளை) அடுத்த வருடமே நியூ மெக்சிகோவில் ஒரு குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள்.

இதற்கு நேர் எதிர், நாவல்களை வைத்து எடுத்த போலந்தின் 'விட்சர்' கேம்கள். கேமை எடுத்த சிடி ப்ராஜெக்ட் கம்பெனி பங்கு தரத் தயாராக இருந்தும், கேம் ஓடும் என்ற நம்பிக்கை இல்லாத நாவலாசிரியர் சப்கோவ்ஸ்கி கையில் காசாகக் கேட்டார். வாங்கியது சுமார் 35,000 ஸ்லோட்டி (போலந்துப் பணம்), அதாவது பத்தாயிரம் டாலர்கூடத் தேறாது. பட ரிலீஸ் எதையும் துரத்த வேண்டிய கட்டாயம் இல்லாமல் 2007ல் முதல் கேம் வந்தது. மூன்றாவது கேம் மட்டுமே 5 கோடி பிரதிகளைத் தாண்டிவிட்டது.

அப்புறம் 2018ல் சப்கோவ்ஸ்கி 6 கோடி ஸ்லோட்டி கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். பலர் அவரைப் பேராசைக்காரர் என்றார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. படைப்பாளிக்குக் கிடைத்ததும் வாங்கியவர் சம்பாதித்ததும் மலையும் மடுவுமாக இருந்தால் கூடுதலாகக் கேட்கலாம் என்று போலந்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 44வது பிரிவே சொல்கிறது. 2019 டிசம்பரில் புது ஒப்பந்தம் போட்டார்கள். ஆக, மொத்தப் பணம் கொடுத்தாலும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. எனவே சின்ன ஸ்டுடியோ என்றால் முன்பணத்தைக் குறைத்துப் பங்கு கொடுப்பதையே சொல்வேன். கேம் ஓடாவிட்டால் நஷ்டம் குறைவு, ஓடினால் இரண்டு பேருக்கும் லாபம்.

ஆனால் எந்த வழியில் போனாலும் எத்தனை வருடம் விற்கலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். மார்வெல் காமிக்ஸ் நாயகனை வைத்து 2013ல் வந்த 'டெட்பூல்' கேமை உரிமம் முடிந்ததும் டிஜிட்டல் கடைகளில் இருந்து எடுத்தார்கள், 2015ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2017ல் மறுபடி எடுத்துவிட்டார்கள். இப்போது அதை விளையாட ஆசைப்படுபவர் பழைய டிஸ்க்கைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும், அந்த விற்பனையில் ஸ்டுடியோவுக்கு ஒரு பைசாவும் வராது.