கூட்டாளி எதிரே நின்றால்தான் பலன்: பாத்ஃபைண்டர் டீம்வொர்க் ஃபீட்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டுச் சமையலறை மேஜையில் 2023-இல் ஆரம்பித்த ஆட்டம் இது. அப்போது லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) வந்தால் டிவி இல்லை, வைஃபை இல்லை. சார்ஜ் விளக்கை நடுவில் வைத்துப் பகடை உருட்டுவோம். சித்தப்பா மகன் கேம் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவர். அண்ணன் ஃபைட்டர் (போர்வீரர்), நான் இன்க்விசிட்டர் (தெய்வத்தின் பெயரால் எதிரிகளை வேட்டையாடுபவர்), அக்கா மகள் மந்திரக்காரி. ஆடுவது பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு: ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிச் சாகசக் கதை ஆடும் விளையாட்டு. ஃபீட் என்றால் கதாபாத்திரம் லெவல் ஏறும்போது எடுத்துக்கொள்ளும் தனித்திறமை. பைசோ 2010-இல் வெளியிட்ட அட்வான்ஸ்ட் பிளேயர்ஸ் கைட் புத்தகத்தில் உள்ள டீம்வொர்க் ஃபீட்களைப் பற்றி யாராவது தமிழில் எழுதியிருந்தால் எங்களுக்கு ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். அதனால் நானே எழுதுகிறேன்.

டீம்வொர்க் ஃபீட் உங்களிடம் மட்டும் இருந்தால் பிரயோஜனம் இல்லை. கூட நிற்பவரிடமும் அதே ஃபீட் இருக்க வேண்டும். வழக்கமாக ஒற்றைப்படை லெவல்களில்தான் ஆளுக்கு ஒரு ஃபீட் கிடைக்கிறது, அதில் ஒன்றை இப்படிக் கொடுப்பது பெரிய விலை. நாங்களோ ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, துனீ சீட்டை மறைப்பது போல மறைத்துக்கொண்டு ஃபீட் எடுத்தோம். துனீ எங்கள் ஊர்ச் சீட்டாட்டம், கூட்டாளிகள் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. அதில் கூட்டாளியிடம் கையில் இருப்பதைச் சொல்லக்கூடாது. இங்கே சொல்லாவிட்டால் ஆட்டமே இல்லை.

அப்படி யோசிக்காமல் எடுத்ததுதான் லுக்அவுட். பதுங்கித் தாக்குபவர்களை நம் ஆள் ஒருவர் முதலிலேயே பார்த்துவிட்டால், அவரை ஒட்டி நிற்கும் நமக்கும் அந்த முதல் சுற்றில் ஆட வாய்ப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஐந்தாம் லெவலில் என் பேச்சைக் கேட்டு அக்கா மகள் அதை எடுத்தாள். ஆனால் மந்திரக்காரி பின்னால் நிற்பாள், நான் முன்னால் நிற்பேன். ஒட்டி நிற்கவே மாட்டோம். ஒரே ஒரு தடவைதான் பலித்தது. அவளிடம் இருக்கும் ஃபீட்களே கொஞ்சம். அதில் ஒன்றை வீணாக்கியது என் தப்புதான், அவளிடம் அதைச் சொல்லியும் விட்டேன்.

எடுக்க வேண்டியது இரண்டு: பிரிசைஸ் ஸ்ட்ரைக், அவுட்ஃபிளாங்க். எதிரியின் இரு பக்கமும் எதிரெதிரே நின்றால், அடி படுமா என்று உருட்டும் பகடையோடு வழக்கமாக +2. அவுட்ஃபிளாங்க் இருவரிடமும் இருந்தால் அது +4. ஒருவர் கிரிட்டிக்கல் (கூடுதல் சேதம் தரும் பலத்த அடி) அடித்தால் மற்றவருக்கு இலவசமாக ஓர் அடி. பிரிசைஸ் ஸ்ட்ரைக் அந்த நிலையில் படும் ஒவ்வோர் அடியின் சேதத்துக்கும் ஒரு ஆறுமுகப் பகடை சேர்க்கும். ஃபைட்டருக்கு ஃபீட்கள் தாராளம், ஆறாம் லெவலுக்குள் ஏழு வந்துவிடும். அண்ணனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ட்ரோல் என்ற அரக்கனோடு நாங்கள் போட்ட சண்டையைச் சொல்கிறேன். மாங்காய் ஊறுகாய் போத்தலின் மூடிதான் ட்ரோல், நாலு கட்டத்தை அடைத்துக்கொண்டு பாலத்தின் நடுவில். அண்ணன் ஒரு பக்கம், நான் மறுபக்கம். பக்கத்தில் ஆயா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "பார்ட்னர் மாதிரி எதிரும் புதிருமா நிக்கறீங்களே, துனீயா?" என்று கேட்டார். சரியாகத்தான் கண்டுபிடித்தார்! அண்ணனுக்கு இருபதுமுகப் பகடையில் 19 விழுந்தது, கிரிட்டிக்கல் உறுதியானது. உடனே எனக்கு அந்த இலவச அடி. பகடையில் வெறும் 6. எல்லாம் கூட்டி 17. ட்ரோலின் காப்பு 16, அதை எட்டினால்தான் அடி படும். வழக்கமான +2 மட்டும் இருந்திருந்தால் 15, தவறியிருக்கும். விளக்கு வெளிச்சத்தில் அந்த 6-ஐப் பார்த்து நாங்கள் போட்ட சத்தத்தில் ஆயா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ட்ரோலின் காயம் தானாக ஆறும், தீயோ அமிலமோ பட்டால்தான் அது நிற்கும். அதனால் அக்கா மகள் தீ மந்திரத்தைத் தயாராக வைத்துக் காத்திருந்து முடித்தாள். எந்த ஃபீட்டும் இல்லாமலே அவள் செய்ததுதான் அன்றைக்கு மிக நல்ல கூட்டு வேலை.

குறை ஒன்று உண்டு. அண்ணனுக்கு நைட் ஷிஃப்ட் வந்தால் ஆட்டத்தில் இருக்க மாட்டார், ஜோடி ஃபீட் செத்துப்போகும். இதற்கு இன்க்விசிட்டர்தான் மருந்து. மூன்றாம் லெவலில் வரும் சோலோ டாக்டிக்ஸ் என்ற திறன், கூட இருப்பவர்களிடமும் அந்த ஃபீட் இருப்பதாகவே கணக்கு வைத்து எனக்குப் பலன் தரும். அவர்களுக்குப் பலன் கிடையாது, எதிரே நிற்கவும் யாராவது வேண்டும். கவலியர் (குதிரைவீரர்) இன்னும் தாராளம்: முதல் லெவலிலேயே தன் டீம்வொர்க் ஃபீட்டை 30 அடி தூரத்துக்குள் இருக்கும் கூட்டாளிகள் எல்லோருக்கும் சில சுற்றுகளுக்குக் கடன் கொடுக்கலாம். நாலு பேரும் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள் என்றால் ஒருவர் கவலியர் எடுங்கள், மற்றவர்கள் ஃபீட் செலவழிக்க வேண்டாம்.

ஒட்டி நிற்கச் சொல்லும் ஃபீட்கள் பலவற்றை நான் தொடமாட்டேன். எதிரியிடம் ஃபயர்பால் (சுற்றிலும் வெடிக்கும் தீ மந்திரம்) இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து வெந்துபோவோம்.

புத்தகம் வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், விதிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. நான் அண்ணனின் இரண்டு ஃபீட்களையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். அக்கா மகள் கேம் மாஸ்டரிடம் கேட்டு லுக்அவுட்டை ரப்பரால் அழித்துவிட்டாள். அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று போன வாரம் முதல் தடவையாக எங்கள் எல்லோரையும் கேட்டாள்.