அடித்துணி வாங்கும்போது ஒரு நூலை மட்டும் கொளுத்திப் பார்த்து நம்பிவிடாதீர்கள்

மெஷினில் குவில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) தைப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். ஈரோட்டில் ஒரு மொத்த வியாபாரக் கடையில், போர்வையின் பின்பக்கத்துக்கு வைக்கும் அடித்துணி வாங்கி ஏமாந்துவிட்டேன். போனது 600 ரூபாய் மட்டும் என்றால் இதை எழுதவே மாட்டேன். என் அம்மாவின் புடவைகள் அதில் மாட்டிக்கொண்டன.

அம்மா கட்டிய சுங்குடி, கண்டாங்கி, கோவை காட்டன் என்று பதினொரு புடவைகள். கிழியாத பகுதிகளை மட்டும் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு, 80க்கு 90 இன்ச்சில் மேல்பாகம் தைத்திருந்தேன். தங்கை மகளுக்கு வளைகாப்பு. அதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம்.

மெஷினில் ஓட்டும்போது அடித்துணி இழுபடும் என்பதால் நாலு பக்கமும் 4 இன்ச் கூட வேண்டும். ஆக 88க்கு 98. 44 இன்ச் பன்னாவில் (துணியின் அகலம்) எடுத்தால் ஓரக் கரையும் தையல் மூட்டும் போக இரண்டு அகலம் பத்தாது, மூன்று ஒட்ட வேண்டும். அதனால் 108 இன்ச் பன்னா ஷீட்டிங் கேட்டேன். மீட்டர் 240 ரூபாய், இரண்டரை மீட்டர்.

"சுத்தமான காட்டனுங்க அக்கா. சுருக்கம் எடுத்து வந்த துணி, நனைக்கவே வேண்டியதில்லீங்க" என்றார் கடைக்காரர். நூலை எரித்துக் காட்டச் சொன்னேன். உடனே வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சி வைத்தார். காகிதம் எரிகிற வாசனை. சாம்பல் விரலில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்கு மேல் என்ன கேட்பது? வாங்கி வந்தேன்.

தைக்கும்போதே ஊசி துணியில் இறங்குகிற சத்தம் சரியில்லை. டொக், டொக் என்று அட்டையைக் குத்துகிற மாதிரி. அங்கங்கே தையல் விட்டுவிட்டு விழுந்தது. 90/14 ஊசி புதிதாக மாற்றினேன், நூல் இறுக்கத்தைக் குறைத்தேன், மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். துணியை மட்டும் சந்தேகப்படவில்லை.

முடித்ததும் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். வடித்த கஞ்சி மாதிரி வெள்ளையாக வந்தது தண்ணீர். காய்ந்ததும் அளந்தால் நீளம் அதே 90, அகலம் மட்டும் 80லிருந்து 76. அம்மாவின் புடவைகள் எத்தனையோ வருஷம் துவைத்தவை, அவை இனிச் சுருங்காது. அடித்துணி நாலு இன்ச் உள்ளே இழுக்க, மேல்பாகம் நெடுக்கக் கொசுவம் வைத்தது போல எழும்பிவிட்டது. கண்டாங்கிச் சதுரங்கள் இரண்டு தையல் ஓரமாகவே கிழிந்திருந்தன. அந்தச் சேலை இனி எங்கே கிடைக்கும்?

அகலத்தில் மட்டும் ஏன் சுருங்கியது என்று மிச்சத் துணியைப் பிரித்துப் பார்த்தேன். குறுக்கே, அகலவாக்கில் ஓடும் ஊடை நூல் எரிந்து சாம்பலானது. நெடுக்க ஓடும் பாவு நூலோ நெருப்பைக் கண்டதும் சுருண்டு, உருகி, கறுப்புக் குண்டுமணியாகக் கெட்டிப்பட்டது. பாவு பாலியெஸ்டர், ஊடை காட்டன். மீட்டர் போட்டு வெட்டிய ஓரத்தில் உருவினால் கையில் வருவது ஊடை மட்டும்தான். அதைத்தான் அவர் எரித்துக் காட்டியிருக்கிறார்.

திரும்பப் போய்க் கேட்டேன். "கலப்புன்னு சொல்லித்தானுங்களே குடுத்தேன்" என்றார். என்னிடம் இருந்தது துண்டுச் சீட்டு. "ஷீட்டிங் 2.5" என்றும் தொகையும் தவிர, விற்ற துணி திரும்ப எடுக்கப்படாது என்று ஒரு ரப்பர் முத்திரை. காட்டன் என்ற சொல்லே அதில் இல்லை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். ஆனால் என்ன சொல்லி விற்றார் என்பதற்கு என்னிடம் எழுத்தில் ஒன்றுமில்லை. நீங்கள் பில்லில் "100% காட்டன்" என்று எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எரித்துப் பார்ப்பதாக இருந்தால் துணியின் மூலையில் ஒரு துண்டு வெட்டி, நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என இரண்டு நூலையும் நீங்களே உருவுங்கள். மொடமொடப்பாக இருந்தால் உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்குங்கள். கஞ்சி மாவாக உதிர்ந்தால் அந்தத் துணி வேண்டாம். அடர்நிறம் என்றால் ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். யார் என்ன சொன்னாலும் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, கரையை வெட்டிய பிறகுதான் மேல்பாகத்தோடு சேர்த்து ஊக்கு குத்த வேண்டும். கரை நெசவு இறுக்கமானது, விட்டுவைத்தால் அதுவும் இழுக்கும்.

வேறு இடத்தில் காடா துணி வாங்கி இரண்டு முறை அலசிவிட்டேன். 100 சென்டிமீட்டருக்குக் குறி வைத்த இடம் 95க்கு வந்து நின்றது. வளைகாப்பு முடிந்துவிட்டது. பிள்ளை பிறப்பதற்குள்ளாவது கொடுத்துவிட வேண்டும் என்று தினமும் ராத்திரி உட்கார்ந்து பழைய தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். கிழிந்த கண்டாங்கிக்குப் பின்னால் மல் துணி வைத்துத் தைக்கப் போகிறேன்.