சிஹெச்341ஏ புரோகிராமர்: வாங்கலாம், ஆனால் சிப்போடு பேசத் தெரிய வேண்டும்

டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஸ்பேர் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருப்பு போர்டு யூஎஸ்பி புரோகிராமரைத்தான் சொல்கிறேன், லேப்டாப், டிவி போர்டில் அடிப்படை மென்பொருளை வைத்திருக்கும் ஃபிளாஷ் மெமரி சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி. சிப்பை போர்டிலிருந்து எடுக்காமலே பிடிக்கும் எட்டுக்கால் கிளிப்போடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். மதுரையில் லேப்டாப், எல்இடி டிவி சர்வீஸ் பார்க்கும் யாரும் இது இல்லாமல் வேலை செய்ய முடியாது. ஆனாலும் வாங்கியவர்களில் பலர் "ரீட் ஆகுது, ரைட் ஆக மாட்டேங்குது" என்று டிராயரில் போட்டுவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருப்பு போர்டில் சிப்புக்கு 3.3 வோல்ட் போனாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருகிறது. பெயரில் 25 என்று வரும் இந்த வகை ஃபிளாஷ் சிப்களில் பெரும்பாலானவை 2.7 முதல் 3.6 வோல்ட் வரைக்கும் செய்யப்பட்டவை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, புரோகிராமரில் இருக்கும் சிஹெச்341ஏ ஐசிக்குப் போகும் 5 வோல்ட்டை வெட்டி 3.3 கொடுங்கள். வோல்டேஜ் சுவிட்ச் வைத்த போர்டு கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்து அதையே வாங்குங்கள்.

அப்புறம் ஐடி, அதாவது சிப்பின் அடையாள எண். மென்பொருள் 9எஃப் என்ற கமாண்டை அனுப்பினால் சிப் மூன்று பைட் திருப்பித் தரும். ஈஎஃப் 40 17 என்று வந்தால், ஈஎஃப் என்பது வின்பாண்ட் கம்பெனி, 40 சிப்பின் வகை, 17 கொள்ளளவு. அந்த 17 ஹெக்ஸ் (பதினாறின் அடிமானக்) கணக்கு, நம் கணக்கில் 23. இரண்டின் 23ஆம் அடுக்கு 8 எம்பி. 18 வந்தால் 16 எம்பி. நடுவில் 40க்குப் பதில் 60 வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், 1.8 வோல்ட் சிப்பாக இருக்க நிறைய வாய்ப்பு, வோல்டேஜைக் குறைக்கும் 1.8 வோல்ட் அடாப்டர் இல்லாமல் தொடக் கூடாது. மூன்றுமே எஃப்எஃப் வந்தால் பெரும்பாலும் கிளிப் உட்காரவில்லை, அல்லது போர்டின் மற்ற பாகங்கள் கரண்டை இழுக்கின்றன. ஐடி சரியாக வராத சிப்பில் எழுதிப் பார்க்கவே பார்க்காதீர்கள். வந்தாலும் இரண்டு முறை ரீட் செய்து இரண்டு ஃபைலும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும், கஸ்டமர் லேப்டாப்பின் சீரியல் நம்பரும் விண்டோஸ் கீயும் பல மாடல்களில் அதற்குள்தான் இருக்கின்றன.

சிப்பில் எழுத விடாமல் தடுக்கும் பூட்டு விஷயத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். சோழவந்தானில் இருந்து ஒரு டிவி வந்தது, லோகோவிலேயே நின்றுகொண்டிருந்தது. முன்பு பார்த்தவர் "ஃபிளாஷ் போச்சு, போர்டு மாற்றணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஐடி சுத்தமாக வந்தது, ரீடும் ஒழுங்கு. அழித்துப் பார்த்தால் பழைய டேட்டா அப்படியே இருக்கிறது! 05 கமாண்டில் சிப்பின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்தேன், எந்தப் பகுதி பூட்டு என்று சொல்லும் பிபி0, பிபி1, பிபி2 பிட்டுகள் மூன்றும் 1. முழு சிப்பும் பூட்டிக் கிடக்கிறது. இந்த வகை வின்பாண்ட் சிப் பூட்டிய இடத்தில் எழுதச் சொன்னால் எரர் எதுவும் தராது, கமாண்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், நமக்கு வெரிஃபை செய்யும்போதுதான் தெரியும். அந்தப் பிட்டுகள் கரண்ட் போனாலும் அழியாதவை. 06 அனுப்பி எழுத அனுமதி வாங்கி, 01 கமாண்டில் அவற்றை 0 ஆக்கினால் பூட்டு திறக்கும். ஒவ்வொரு அழிப்புக்கும் எழுத்துக்கும் முன்னால் மறுபடி 06 அனுப்பியாக வேண்டும், நல்ல மென்பொருள் அதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அந்த டிவியில் அப்படியும் திறக்கவில்லை. ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரையே காக்கும் எஸ்ஆர்பி0 பிட்டும் 1 ஆக இருந்தது, மூன்றாம் காலை, அதாவது ரைட் புரொடெக்ட் காலை, போர்டு கிரவுண்டில் பிடித்து வைத்திருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரே மாறாது. ஹாட் ஏர் போட்டு ஐசியை எடுத்துச் சாக்கெட்டில் வைத்தவுடன் திறந்தது, ஏனென்றால் இந்த புரோகிராமர் மூன்றாம் காலை 3.3 வோல்ட்டுக்குக் கட்டி வைத்திருக்கிறது. டிவி இப்போது ஓடுகிறது, போர்டு மாற்றும் செலவு அந்தக் குடும்பத்துக்கு மிச்சம்.

சில புது சிப்களில் பிளாக் பிளாக்காகத் தனிப்பூட்டும் உண்டு, வின்பாண்டில் எந்த வகைப் பூட்டு என்று தேர்வு செய்யும் டபிள்யூபிஎஸ் பிட் 1 ஆக இருந்தால் கரண்ட் கொடுத்ததும் எல்லா பிளாக்கும் பூட்டியே எழும். 98 அனுப்பினால் மொத்தமும் ஒரே நேரத்தில் திறக்கும், 39 ஒரு பிளாக்குக்கு மட்டும்.

கடைகளில் கூடவே தரும் மென்பொருளை விட லினக்ஸில் ஃபிளாஷ்ராம் (flashrom) என்ற மென்பொருள் எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது, பூட்டு நிலையைக் காட்டும், புதிய பதிப்புகளில் நிறைய சிப்புக்குப் பூட்டை எடுக்கவும் செய்யும். வேகம் குறைவுதான், 8 எம்பி சிப்புக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கிளிப்பை மட்டும் நல்லதாகத் தனியாக வாங்குங்கள், கூட வருவதன் ஸ்பிரிங் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது.