நற்குணப் பதிவேடு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

கையடக்க அளவில், கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். உள்ளே ஆண்டின் 52 வாரங்களுக்கு 52 கட்டப் பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வெற்றுப் பக்கம். கட்டத்தின் தலையில் ஏழு நாள்கள், இடப்புறத்தில் வரிசையாகப் பதின்மூன்று குணங்கள். இரவு படுக்கப் போகுமுன் அன்றைய நாளை நினைத்துப் பார்த்து, எந்தக் குணத்தில் தவறினோமோ அந்தக் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு குணத்தைத் தனிக் கவனத்துக்கு எடுத்துக்கொண்டால் பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று முடியும், ஆண்டுக்கு நான்கு சுற்றுகள் வரும். நல்ல மனிதராக இருக்க முயல்வோருக்கான துணைக்கருவி என்று சொல்லி விற்கப்படும் இந்தப் பொருளை நான்கு சுற்றுகளும் விடாமல் பயன்படுத்திவிட்டே இதை எழுதுகிறேன். ஒரே வாரம் பயன்படுத்திவிட்டு எழுதியிருந்தால் இதைக் கேலி செய்திருப்பேன். மூன்று மாதத்தில் எழுதியிருந்தால் வானளாவப் புகழ்ந்திருப்பேன். இரண்டும் தவறாகப் போயிருக்கும்.

இந்த முறை பதிப்பாளரின் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் (1706–1790) தம் இருபதுகளில், நிறைவான ஒழுக்கத்தை அடைந்தே தீருவது என்று துணிந்து, பதின்மூன்று குணங்களைப் பட்டியலிட்டு, சிறு புத்தகம் ஒன்றில் சிவப்பு மையால் கோடு போட்டுத் தாமே தயாரித்துக்கொண்ட ஏற்பாடு இது. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டை விழுந்துவிட்டதால், பின்னாளில் ஈரப்பஞ்சால் துடைத்து அழிக்கக்கூடிய தந்தத் தகடுகளுக்கு அவர் மாறிக்கொண்டார். நான் வாங்கிய பதிவேடு அவருடைய பட்டியலைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, புலனடக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரக்கத்தைச் சேர்த்திருக்கிறது. இது நல்ல மாற்றம். சிக்கனம், உழைப்பு, ஒழுங்கு, தூய்மை என்றெல்லாம் அடுக்கிய அந்த மூலப்பட்டியலில் இரக்கத்துக்கென்று ஒரு வரி இல்லை என்பது, கட்டங்களை நிரப்பத் தொடங்கிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

முதலில் பொருளின் தரத்தைச் சொல்லிவிடுகிறேன். தாள் நன்று, மைப் பேனாவால் எழுதினாலும் பின்பக்கம் ஊறுவதில்லை. கட்டங்கள் போதிய அளவில் இருக்கின்றன. தைப்புதான் மோசம், அல்லது தைப்பே இல்லை என்பதுதான் சரி. முதுகில் வெறும் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள், முப்பதாவது வாரத்தை ஒட்டிப் பக்கங்கள் கையோடு வரத் தொடங்கின. ஓராண்டு முழுவதும் தினமும் திறந்து மூடப்போகும் ஒன்றை இப்படிக் கட்டியிருப்பது, ‘உழைப்பு’ என்ற வரியில் பதிப்பாளருக்கே ஒரு புள்ளி வைக்கத் தக்க குறை.

அடுத்தது அட்டையில் உள்ள வாசகம். 21 நாள்களில் புதிய மனிதராகலாம் என்று அது உறுதி கூறுகிறது. லண்டனில் உள்ள யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010-இல் அச்சேற்றிய ஓர் ஆய்வில், தினமும் ஒரு சிறு செயலைச் செய்துவந்த தன்னார்வலர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அச்செயல் தானாக நிகழும் பழக்கமாகப் படிய ஏறக்குறைய 66 நாள்கள் தேவைப்பட்டன. ஆளுக்கு ஆள் இது 18 நாள்களிலிருந்து 254 நாள்கள் வரை வேறுபட்டது. அங்கே பழக்கமாக்க முயன்றவை குடிப்பதும் நடப்பதும் போன்ற எளிய செயல்கள். கோபத்தில் வாயை மூடிக்கொள்வது அவற்றைவிட எளிது என்று யாரும் வாதிட மாட்டார்கள் என்று நம்புகிறேன். அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறவிடுவதால் பழக்கம் படிவதில் பெரிய பாதிப்பில்லை என்பதும் தெரியவந்தது. இந்தப் பதிவேடோ, ஒரு நாள் விட்டுப்போனாலும் முதல் வாரத்திலிருந்து மறுபடி தொடங்குமாறு முன்னுரையில் எச்சரிக்கிறது. நான் அந்த எச்சரிக்கையை இரண்டாம் வாரத்திலேயே மீறினேன், மீறியதால்தான் ஆண்டின் இறுதிவரை வந்து சேர்ந்தேன்.

முதல் சுற்றில் பக்கங்கள் கொத்தமல்லி தூவியதுபோல் இருந்தன. இரண்டாம் சுற்றில் புள்ளிகள் குறைந்தன. மூன்றாம் சுற்றில், ‘அமைதி’ முறைவைத்து வந்த வாரத்தில், அந்த வரி ஏழு நாளும் வெள்ளையாக இருந்தது. ஞாயிறு இரவு அந்தப் பக்கத்தைப் பார்த்து நான் அடைந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மறுநாள் காலை அக்கா கூப்பிட்டார். “ஒரு வாரமா எங்கேடா போன? போன் அடிச்சா எடுக்க மாட்டியா?” என்றார். உண்மை இதுதான்: அக்காவுடன் பேசினால் பத்து நிமிடத்தில் எனக்குக் குரல் ஏறிவிடும், குரல் ஏறினால் புள்ளி விழும், எனவே அந்த வாரம் முழுவதும் அவருடைய அழைப்பு வந்தபோதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன். என் பக்கம் வெள்ளையாக இருந்ததற்கு அந்த ஏழு நாளும் அங்கே ஒருவர் பதறிக்கொண்டிருந்ததுதான் விலை. இந்தப் பதிவேட்டின் அடிப்படைப் பழுது இதில் அடங்கியிருக்கிறது. தவறாமல் இருப்பதை அது எண்ணத் தெரிந்து வைத்திருக்கிறது. தவறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே மனிதர்களிடமிருந்து ஒதுங்கிக்கொள்வதை அதனால் பார்க்க முடியாது.

இரண்டாவது பழுது அதைவிட நுட்பமானது. என் கீழ் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரை, அறிக்கையில் பழைய எண்களைப் போட்டுவிட்டார் என்று நான்கு பேர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அன்று இரவு என் மின்னஞ்சலைப் புரட்டியபோது, அந்தப் பழைய எண்களை அவருக்கு அனுப்பியவனே நான்தான் என்பது தெரிந்தது. ‘நீதி’க்கு ஒன்று, ‘அமைதி’க்கு ஒன்று என இரண்டு புள்ளிகள் வைத்தேன். வைத்ததும் மனம் லேசாகிவிட்டது, ஏதோ பாக்கியைக் கட்டித் தீர்த்தவனைப் போல நன்றாகத் தூங்கினேன். மறுநாள் அவர் வந்து, முகத்தைப் பார்க்காமல் கோப்பை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனபோதுதான், என் புள்ளியால் அவருக்கு நயா பைசா பயனும் கிடைக்கவில்லை என்பது புரிந்தது. வருத்தப்பட்டதற்காக எனக்கு நானே ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் தயங்கிய பிறகு, அதே நான்கு பேரும் இருக்கும்போது, பிழை என்னுடையது என்று சொன்னேன். “பரவாயில்ல சார்” என்று சொல்லிவிட்டு அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். படங்களில் வருவதுபோல் எதுவும் நடந்துவிடவில்லை.

அன்று மாலை அளவுகோலை வைத்து, கட்டத்துக்கு வெளியே பக்க ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன். அதன் தலைப்பு ‘யாரிடம்?’ என்பது. புள்ளி வைத்தால் அந்தத் தவற்றைத் தாங்கியவரின் பெயர் அங்கே எழுதப்பட வேண்டும், அவரிடம் போய்ச் சரிசெய்த பிறகே பெயரை அடிக்க வேண்டும். அச்சில் இல்லாத அந்த ஒற்றைப் பத்திதான் இந்த ஓராண்டில் நான் பெற்ற பயனில் பெரும்பகுதியைக் கொடுத்தது.

சில வாரங்கள் கழித்து அந்த இளைஞர் தாமாகவே வந்து, “சார், நேத்து அனுப்புனதுல ஒரு வரி விட்டுப்போச்சு” என்றார். அதற்கு முன்பெல்லாம் இப்படிப்பட்ட செய்தி என்னிடம் மூன்று வாய் மாறி, முற்றிப்போன பிறகுதான் வரும். நல்லவராக இருக்க ஏன் முயல வேண்டும் என்ற கேள்விக்கு இந்தப் பொருளின் பின்னட்டை மன நிம்மதி, மதிப்பு, தொழில் வெற்றி என்று மூன்று விடைகளை அச்சிட்டிருக்கிறது. எனக்குக் கிடைத்த விடை அவற்றில் எதுவும் இல்லை. கடுமையான மனிதரைச் சுற்றி இருப்பவர்கள் அவரிடம் சொல்ல வேண்டியதை வடிகட்டியே சொல்கிறார்கள். வீட்டில் அவர் வரும் காலடி ஓசை கேட்டதும் பேச்சு மாறுகிறது. அலுவலகத்தில் எண்கள் மெருகேற்றப்படுகின்றன. பல ஆண்டுகள் அப்படி வாழ்பவர், தாம் இருக்கும் உலகத்தைப் பற்றியே பொய்யான தகவல்களோடு வாழ்கிறார். கொஞ்சம் நியாயமாகவும் கொஞ்சம் பொறுமையாகவும் நடந்துகொள்ளத் தொடங்கினால், உண்மை பயமில்லாமல் நம்மிடம் வருகிறது. அந்த உண்மை பெரும்பாலும் இனிப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஓராண்டில் என் குறைகளை இத்தனை பேர் என் முகத்துக்கு நேரே சொன்னது இதற்கு முன் நடந்ததில்லை.

பின்னட்டையின் மற்ற வாக்குறுதிகள் பாதிதான் பலித்தன. ஒரு வேலையை நாள் குறித்தபடி முடிக்க இயலாது என்று உண்மையைச் சொன்னதால், அது முடியும் என்று சொன்ன வேறொருவருக்குப் போனது. ‘நேர்மை’ வரி அன்று வெள்ளை, வருமானமும் அப்படியே. ஆய் என்னும் வள்ளலைப் பாடிய சங்கப் புலவர், அவன் மறுமைப் பயனை எண்ணிக் கொடுக்கும் ‘அறவிலை வணிகன்’ அல்லன் என்றார். அறத்தைக் கொடுத்து இலாபம் வாங்கும் வியாபாரி என்பது அந்தச் சொல்லின் பொருள். இந்தப் பதிவேட்டின் பின்னட்டையை எழுதியவர் வாங்குபவரை அந்த வணிகனாகத்தான் நினைத்திருக்கிறார்.

இன்னொரு குறையையும் சுட்ட வேண்டும். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில் ஜான் டார்லி, டேனியல் பாட்சன் என்ற உளவியலாளர்கள், பிரின்ஸ்டனில் இறையியல் பயின்ற 40 மாணவர்களை உரையாற்றுவதற்காக அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு இருமிக்கொண்டிருக்குமாறு ஏற்பாடு. நேரம் தாராளமாக இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவ நின்றார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் நின்றவர்கள் 10 விழுக்காட்டினர். வழியில் விழுந்துகிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றியே பேசப்போனவர்களும் இதில் அடக்கம். இதைப் படித்த பிறகு என் பழைய பக்கங்களைப் புரட்டினேன். இரக்கத்திலும் அமைதியிலும் விழுந்த புள்ளிகளில் பெரும்பாலானவை, எதிர்ப்பக்கக் குறிப்புகளின்படி, காலையில் கிளம்பும் அவசரத்தில் விழுந்தவை. கால் மணி நேரம் முன்னதாக எழுந்ததால் குறைந்த புள்ளிகள், எந்தச் சபதத்தாலும் குறையாதவை. பதின்மூன்று வரிகளில் அவசரத்துக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

பட்டியலில் இல்லாதது கண்ணில் படாது என்பதற்கு இந்த முறையை வகுத்தவரே பெரிய சான்று. புள்ளி வைத்த அதே பிராங்க்ளின் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவர் நடத்திய செய்தித்தாளில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன. ‘நீதி’ என்ற வரி அவர் கட்டத்திலும் இருந்தது. 1787-இல் அவர் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில், இறப்பதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, அடிமை முறைக்கு எதிராக அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்ட மனுவில் கையொப்பமிட்டார். இதைக் கேட்ட நண்பர் ஒருவர், அப்படியானால் இந்தக் கட்டம் போடும் வேலையெல்லாம் வெறும் வேஷம் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாம் நல்லவர்தான் என்று முடிவுகட்டிவிட்ட ஒருவர் முதிய வயதில் மனம் மாறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவரை மாற்றியது கட்டம்தான் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் பணிவைப் பற்றி அவரே, அந்தக் குணத்தின் தோற்றம் தமக்கு வந்த அளவுக்கு அதன் உண்மை வரவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படி ஒப்புக்கொள்ளத் தெரிந்தவரிடம் பேச இடமிருக்கிறது.

யார் வாங்கலாம்? தம்மைத் தாமே ஏற்கெனவே அதிகமாக வருத்திக்கொள்பவர்கள் தயவுசெய்து வாங்க வேண்டாம். கரும்புள்ளிகள் அவர்களுக்கு மருந்தாகாது. ‘நான் அப்படியொன்றும் மோசமில்லை’ என்று உறுதியாக நம்பும் என்னைப் போன்றவர்களுக்கு முதல் சுற்று மட்டுமே போட்ட பணத்துக்கு ஈடாகும். அடுத்த பதிப்பில் நூல் தைப்பு வேண்டும், அட்டையிலிருந்து 21 நாள் கணக்கு நீங்க வேண்டும், ஓரத்தில் பெயருக்கு இடம் விட வேண்டும். இரண்டாவது பிரதியில் அந்தக் கோட்டை 52 பக்கங்களிலும் நானே அளவுகோல் வைத்துப் போட்டுக்கொண்டேன். இந்த வாரம் அங்கே மூன்று பெயர்கள் இருக்கின்றன. இரண்டை அடித்தாயிற்று, அக்காவுக்கு இன்று இரவு போன் செய்ய வேண்டும்.